பதினைந்து மீட்டர்

இரவு ஒன்று நாற்பது. கடைசி கிளினிக்கிலிருந்து லேப் வரைக்கும் பதினொரு கிலோமீட்டர். நடுவில் ஏழு கிலோமீட்டருக்கு விளக்கு கிடையாது. வீடு கிடையாது. ஒரு பக்கம் வற்றிப்போன வாய்க்கால். மறுபக்கம் மூடிக் கிடக்கிற கல்குவாரி... வெட்டி எறிந்த கல்லெல்லாம் குன்று மாதிரி குவிந்திருக்கும்.

"முதல்ல இது யாருக்கு நடந்ததுன்னு சொல்லு" என்றாள் வக்கீல். அவள் படித்தது வேறு. எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்பதால் எங்கள் ஹாஸ்டல் அறையில் அவளுக்கு அந்தப் பெயர்.

என் கூட லேபில் வேலை பார்க்கிற தோழியின் அக்காவுக்கு நடந்தது. தோழி கதை கட்டுகிறவள் இல்லை. இதைச் சொன்னபோது அவள் அழக்கூட இல்லை. பிப்பெட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"சரி சரி, லைட்டை அணைங்கடி. மேல சொல்லு."

அந்த ரோட்டில் ஓடுவது சாம்பிள் வண்டி. கிளினிக் கிளினிக்காகப் போய், ரத்தக் குழாய்களை ஐஸ் பெட்டியில் வாங்கி, விடிவதற்குள் லேபில் சேர்க்க வேண்டும். முன்பு அதை ஓட்டியது அக்காவின் கணவர். தோழி அவரை மாமா என்பாள். நானும் அப்படியே சொல்கிறேன்.

வண்டியில் ஒரு டேப்லெட் இருக்கும். பெட்டி எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கம்பெனிக்கு அனுப்பும். அதற்கு நெட் வேண்டுமே... அதற்காக ஒரு ஹாட்ஸ்பாட். சோப்புக்கட்டி அளவில் ஒரு டப்பா. உள்ளே கம்பெனி சிம். அந்த ரோட்டில் அந்த ஒரு சிம்தான் எடுக்கும். அக்கா வீட்டிலும் அப்படித்தான்.

மாமா அதற்கு வைத்த பாஸ்வேர்ட், 'வாயைமூடு'. ஆங்கில எழுத்தில். கல்யாணமான புதிதில் அக்கா பாஸ்வேர்ட் கேட்டாள். இவர் ஷூவைத் துடைத்துக்கொண்டே அதைச் சொன்னார். அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை.

போன வருடம் ஒரு நாள், விடிந்தும் வண்டி லேபுக்கு வரவில்லை. தேடிப் போனார்கள். ரோட்டோரம் ஒழுங்காக நிறுத்தியிருந்தது. கதவு சாத்தியிருந்தது. சாவி வண்டியிலேயே. பெட்டியில் ஐஸ் உருகி, குழாய்கள் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன.

மாமா இல்லை. அவர் போன் இல்லை. டப்பாவும் இல்லை. டேப்லெட்டிலிருந்து அன்று ராத்திரி ஒரு பதிவுகூடப் போகவில்லை.

"கிளம்பும்போதே டப்பாவை அணைச்சிருக்கான். திட்டம் போட்டுத்தான் போயிருக்கான்" என்றார் மேனேஜர்.

போலீஸ் வீட்டுக்கு வந்தது. மாமியார் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "அவருக்கு வேற தொடர்பு இருந்துச்சு சார். ஓடிட்டார்."

"என் புள்ள அப்படிப்பட்டவன் இல்லய்யா. அவனுக்கு என்னவோ ஆயிருக்கு. தேடுங்கய்யா" என்று மாமியார் அவர்கள் பின்னாலேயே வாசல் வரை போனார்.

பெற்றவள் அப்படித்தான் சொல்வாள். கட்டினவளே ஓடிவிட்டான் என்று சொன்ன பிறகு, எவன் போய்ப் புதரை விலக்கிப் பார்ப்பான்? யாரும் தேடவில்லை.

வேறு தொடர்பு எதுவும் கிடையாது. அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும். டப்பா அவளுடைய பீரோவில், பழைய ஸ்வெட்டருக்குள் சுற்றி இருந்தது.

வக்கீல் எழுந்து உட்கார்ந்தாள். "என்னது?"

மாமா காணாமல் போன ராத்திரிக்கு மறுநாள் காலை ஏழரைக்கு என் தோழிக்கு வீடியோவில் இன்டர்வியூ. இதே லேபில், இதே வேலைக்கு. அக்கா வீட்டில் இருந்துதான் பேசுவதாக இருந்தாள். மாமா வழக்கமாக ஐந்து மணிக்கெல்லாம் வந்துவிடுவார். "வந்ததும் டப்பாவைத் தர்றேன்" என்றார். "நீங்க என்னைக்கு நேரத்துக்கு வந்தீங்க?" என்றாள் அக்கா. பேச்சு வளர்ந்தது. கடைசியில் அக்கா டப்பாவைப் பிடுங்கி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு சொன்னாள்:

"ஒரு ராத்திரி இது இல்லைன்னா செத்தா போயிடுவீங்க?"

மாமா சிரித்துவிட்டுப் போனார்.

தோழிக்கு வேலை கிடைத்துவிட்டது.

மற்ற இரண்டு பேரும் என் கட்டிலுக்கு நகர்ந்து வந்தார்கள். மின்விசிறி டக்... டக்... என்று தட்டிக்கொண்டு சுற்றியது.

இப்போது புரிகிறதா? மாமா ஓடியிருந்தால் அக்கா கைவிடப்பட்டவள். ஊர் உச்சுக்கொட்டும். அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் செத்திருந்தால்... உதவிக்குக் கூப்பிட வழியில்லாமல் செத்திருந்தால்... பதினோரு மாதமாக அவள் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். எவளோடாவது இருக்கட்டும். எங்காவது உயிரோடு இருக்கட்டும்.

பிறகு அந்த வண்டிக்கு நிலையாக ஆள் கிடைக்கவில்லை. வந்தவர்கள், டப்பா இல்லாமல் குளிர்ச்சியைத் தாளில் குறித்துக்கொண்டு ஓட்டி, ஒரு மாதத்தில் ஓடினார்கள். அக்காவுக்கு ஓட்டத் தெரியும். போய்க் கேட்டாள், கொடுத்துவிட்டார்கள். கூடவே ஒரு புது டப்பா.

"பழைய டப்பாவோட பேரும் பாஸ்வேர்டும் ஞாபகம் இருக்காம்மா?" என்றார் மேனேஜர். "டேப்லெட் செட்டிங்கை எல்லாம் பூட்டி வெச்சிருக்கு. மாத்தணும்னா ஹெட் ஆபீஸ் போகணும். புதுசுக்கும் அதையே போட்டுட்டா தானா வந்து ஒட்டிக்கும்."

இது எல்லோரும் செய்வதுதான். பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாக இருந்தால், டப்பா மாறியது எந்தக் கருவிக்கும் தெரியாது. பழையது என்று நினைத்துக்கொண்டு தானாக இணைந்துவிடும்.

அக்கா வண்டியில் உட்கார்ந்தபடியே செய்தாள். சிம்மைச் செருகினாள். பட்டனை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தாள். சிவப்பு விளக்கு பச்சையானது. பின்பக்க ஸ்டிக்கரில் இருந்த எண்ணைப் போனில் அடித்து உள்ளே போய், பழைய பெயரைப் போட்டாள். பாஸ்வேர்ட் கேட்டது. பதினோரு மாதம் கழித்து அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

டப்பாவில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு திரை. அதில் ஒரு குட்டி மனித உருவம், பக்கத்தில் ஒரு எண். எத்தனை கருவிகள் இணைந்திருக்கின்றன என்று காட்டும். டேப்லெட் ஒன்று, அவள் போன் ஒன்று. 2.

முதல் நாள் ராத்திரி. கல்குவாரியை நெருங்கும்போது அது 3 ஆனது.

கண் சிமிட்டுவதற்குள் குவாரி பின்னால் போனது. மறுபடி 2.

ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டாள். இரண்டாவது நாளும் அதே இடம். 3. இந்த முறை வண்டியை ஓரங்கட்டி, போனில் பட்டியலைத் திறந்து பார்த்தாள். டேப்லெட். அவள் போன். மூன்றாவதாக, 'மாப்பிள்ளை'.

மாமா தன் போனுக்கு வைத்திருந்த பெயர் அது. மாமனார் வீட்டுக்குப் போகும்போது கெத்தாக இருக்கட்டும் என்று.

"நில்லு" என்றாள் வக்கீல். "பதினோரு மாசம் சார்ஜ் நிக்குமா?"

நிக்காது. பதினோரு நாள்கூட நிக்காது. நானும் பிசிக்ஸ் படித்தவள்தான்.

அக்காவுக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் அவளுக்குச் சந்தோஷம் வந்தது. ஆமாம், சந்தோஷம். போனுக்கு யாரோ சார்ஜ் போடுகிறார்கள். அப்படியென்றால் அவர் இங்கேதான், பக்கத்தில் எங்கோ, ஒரு வீட்டில், எவளோடோ இருக்கிறார். உயிரோடு! ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாளாம். "நல்லா இரு. நாசமாப் போனவனே, நல்லா இரு."

அந்த வீட்டை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

அந்த டப்பா வெட்டவெளியில் பதினைந்து மீட்டர் எட்டும். அதைத் தாண்டினால் இணைப்பு அறுந்துவிடும். அதனால் கண்டுபிடிப்பது சுலபம். எந்தப் பக்கம் நடந்தால் எண் குறைகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும்.

வாய்க்கால் பக்கம் இருபது அடி வைத்தாள். 3. ஐம்பது. 3. வாய்க்கால் கரையில் வீடு எதுவும் இல்லை. திரும்பி ரோட்டைக் கடந்து நூறு அடி நடந்தாள். 3. வந்த வழியே வேகமாக, கிட்டத்தட்ட ஓட்டமாக, இருநூறு அடி. மூச்சு வாங்கியது. டப்பாவைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தாள்.

3.

பூச்சிச் சத்தம்கூட இல்லை. அவளுடைய செருப்புச் சத்தம் மட்டும்... சரக்... சரக்... அவள் நின்றாள். நின்ற பிறகு ஒரு தடவை, சரக்.

வண்டிக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. கதவைச் சாத்தி, கிளப்பி, ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். எண்பதில் போகிறது வண்டி. டப்பா டேஷ்போர்டில் இருக்கிறது. 3. வண்டிக்குள் கல்தூள் வாசனை. மழை பட்ட கல்தூள் எப்படி மணக்கும்... அப்படி.

அப்போதுதான் அவள் போன் அதிர்ந்தது. ஒரு தடவை. இரண்டாவது தடவை. கொஞ்சம் இடைவெளி விட்டு, மூன்றாவது தடவை.

லேப் வாசல் விளக்கடியில் நிறுத்திவிட்டுத்தான் பார்த்தாள். மாமாவின் எண். நெட் கிடைக்காமல் அவர் போனிலேயே தங்கிக் கிடந்த செய்திகள், இணைப்பு வந்ததும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்திருந்தன.

'நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு. வண்டிய ஓரமா நிறுத்திட்டேன். லேபுக்குச் சொல்லு.'

'எதுவும் போக மாட்டேங்குது. கல்லு மேல ஏறிப் பார்க்கிறேன். உசரத்துல கிடைக்கலாம்.'

'சின்னவளை இன்டர்வியூ நல்லா பண்ணச் சொல்லு.'

அவ்வளவுதான். டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும் என்றாள் தோழி.

"அப்புறம்? போலீஸ்ல சொன்னாங்களா? அவர் அந்தக் கல்லு மேலதானே..." வக்கீலின் குரல் இறங்கியிருந்தது.

சொல்லவில்லை. சொன்னால் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? டப்பா எங்கே இருந்தது? அதுவும் மாமியாருக்கு முன்னால். அந்த அம்மா பதினோரு மாதமாக வாரம் தவறாமல் ஸ்டேஷனுக்குப் போய், "தேடுங்கய்யா" என்று நின்றுவிட்டு வருகிறவர்.

அக்கா மூன்று செய்திகளையும் அழித்தாள்.

பகலில் டப்பாவுக்குப் பெயரை மாற்றினாள். பாஸ்வேர்டையும் மாற்றினாள். யாராலும் ஊகிக்க முடியாதபடி, அர்த்தமே இல்லாத எட்டு எழுத்தும் எண்ணும். எங்கும் எழுதி வைக்கவில்லை. டப்பாவில் பழைய செட்டிங் தானாக அழிந்துவிட்டது என்று மேனேஜரிடம் பொய் சொன்னாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே டேப்லெட்டை ஹெட் ஆபீஸுக்குத் தூக்கிக்கொண்டு போனார். கூடப் போன அக்கா அங்கே தன் கையாலேயே புதிய பாஸ்வேர்டைத் தட்டிக் கொடுத்தாள்.

அன்று ராத்திரி குவாரி வந்தது. அவள் கல்குவியல் பக்கம் திரும்பவில்லை. டப்பாவை மட்டும் பார்த்தாள். 2. குவாரி தாண்டியது. 2. லேப் வரைக்கும் 2.

நாலரைக்கு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தாள். முன்னறையில் விளக்கு போடாமல் மாமியார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நடுவில் இல்லை. ஒரு ஓரமாக, பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டு.

"தூங்கலையா அத்தை?"

"மாத்திட்டியாமே."

"எதை?"

"எனக்கென்ன தெரியும்? ஏதோ எட்டு எழுத்தாம். பழசைப் போட்டா போகலையாம். புதுசு என்னன்னு கேட்கிறான்."

அந்த அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். வைஃபை என்றால் என்னவென்றே தெரியாது. பாஸ்வேர்ட் மாற்றியதை அக்கா வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மாமியார் குரலில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. பிள்ளை ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கிறான் என்கிற மாதிரி சொன்னார்.

"சொல்லிட்டாங்களா?" யாரோ கேட்டாள். வக்கீல் இல்லை. அவள் போர்வையை வாய் வரைக்கும் இழுத்திருந்தாள்.

சொன்னாள். இன்னொரு தடவை அவருக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வாசல்படியிலேயே நின்றபடி ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"கே."

"கே" என்றார் மாமியார், பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்து.

"ஏழு."

"ஏழு."

"டபிள்யூ."

மாமியாருக்கு ஆங்கில எழுத்து தெரியாது. காதில் விழுந்ததை அப்படியே அந்தப் பக்கம் திருப்பிச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் காத்திருந்தார். குனிந்து எதையோ பார்த்தார். ஐந்தாவது எழுத்தை அக்கா சொல்ல வந்தபோது கையை உயர்த்தித் தடுத்தார்.

"இரு, அவசரப்படுத்தாதே. மெதுவாச் சொல்லு... விரல் மடங்க மாட்டேங்குது அவனுக்கு."