கட்டாத கொடுக்கு

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் நண்டுக் கூடையோடு இரண்டு பெண்கள்.

"எங்க வூட்டுக்காரரு நண்டோட கொடுக்கைக் கட்டமாட்டேன்றாருடி."

"இன்னாக்கா சொல்ற?"

"துறைமுகத்த பெருசாக்க வேணான்னு அதோட கேட்டு வாசலாண்ட அமைதியா குந்தினு இருந்தாரா, போலீஸு கையக் கட்டி வேன்ல ஏத்திட்டாங்க. அதுலேர்ந்து, 'கையக் கட்டறது அநியாயம், நண்டுக்கும் உரிமை கீது'ன்றாரு."

"கவ்வுச்சுன்னா?"

"திருப்பி அடிக்கமாட்டாரு. 'வுட்டுரு கண்ணு'ன்னு அதுங்கிட்ட பேசினு நிப்பாரு."

"அப்ப இந்தக் கூடையில கீறது?"

"அவரு புடிச்சதுதான்."

கேட்டவள் சட்டென்று காலைத் தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டாள். நானும்தான். விஷயம் தெரியாத கண்டக்டர், "யார் கூடைமா இது, வழியில?" என்றபடி குனிந்து கையை நீட்டினார்.