டார்லோவின் நூறு பேர்

ஒரு மனித உயிரின் விலை பதினெட்டு டாலர் நாற்பது சென்ட். டார்லோ ஊரில் அதுதான் ரேட்டு. தலைக்கு வருஷம் அவ்வளவு என்று மாநில அரசு ரோட்டுப் பணம் கொடுக்கும். அதற்கு மேல் அந்தத் தலைகள் பெறாது என்பது, அவற்றோடு பத்து நிமிஷம் பேசியவர்களுக்குத் தெரியும்.

1980, ஏப்ரல். ராத்திரி பதினொன்று பத்து. நெப்ராஸ்காவில், டார்லோவுக்கு வடக்கே போகிற சரளைக்கல் ரோடு. முன்விளக்கை அணைத்துவிட்டு ஒரு பிக்கப் வண்டி ஊர்ந்து போகிறது... ஓட்டுகிறவன் லோவல் டிவோராக். நம்மோடு சோளம் ஏற்றுகிற வெர்னுக்குத் தாய்மாமன். வெர்ன் சொன்னதைத்தான் சொல்கிறேன். கிடங்கு வாசலில் நம் லாரி வரிசை நகர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள்.

டார்லோவுக்கு வரலாறு என்று ஒன்று உண்டு. ரயில் கம்பெனி ஏஜென்ட் ஒருவன், ஆற்றில் கப்பல் மிதக்கிற படத்தைக் காட்டி மனை விற்றான். வாங்கியவர்கள் வந்து பார்த்தார்கள். ஆறு கணுக்காலைக்கூட நனைக்கவில்லை. ரயில் மூன்று வருஷம் வந்தது, பிறகு பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. தணிக்கைக்காரர் வருவதற்கு முந்தின ராத்திரி வங்கி எரிந்துபோனது. உள்ளே இருந்த முதலாளி ஹோரஸ் டில்மனும் சேர்ந்துதான். ஊரில் மேடு என்று சொல்ல ஒரே இடம், கல்லறைத் தோட்டம். அதுவும் செத்தவர்கள் சேர்ந்து சேர்ந்து உயர்ந்தது.

லோவல் அங்கே பள்ளி பஸ் டிரைவர். ஊர் எழுத்தரும் அவனே. அந்த வருஷம் மக்கள்தொகைக் கணக்கெடுக்கிற வேலையும் அவனுக்கே வந்தது. நூறு பேர் தேறாவிட்டால் ரோட்டுப் பணம் நிற்கும், பள்ளியை மூடுவார்கள், பஸ் வேலையும் போய்விடும். லோவலுக்குப் பென்ஷன் கிடைக்க இன்னும் மூன்று வருஷம் பாக்கி.

எண்ணினான். தொண்ணூற்று மூன்று.

ஊர்த் தலைவி இர்மா ஸ்வோபோடாவின் மதுக்கடையில் போய் உட்கார்ந்தான்.

"நோவாக் வீட்டுல யாரு இருக்கா?" என்றாள் இர்மா.

"யாரு இருப்பா? நோவாக் செத்துப் பதினோரு வருஷமாச்சே."

"அப்புறம் எதுக்குடா நோவாக் வீடுங்கற?"

"எல்லாரும் அப்படித்தானே சொல்றோம்."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஊரே சொல்றதை நீ எழுதினா என்ன, கை சுளுக்கிக்குமா?"

அந்த ஊரில் வழி கேட்டால் செத்தவன் பெயரைத்தான் சொல்வார்கள். நோவாக் வீட்டுப் பக்கம் திரும்பு, டில்மன் வீடு தாண்டு... காலி வீடு ஏழு இருந்தது. ஏழு பெயரை எழுதினான். ஆக நூறு.

இரண்டு வாரத்தில் மேலிடத்திலிருந்து ஏழு சீட்டு வந்தது. இந்த ஏழு வீட்டிலும் மின்சார இணைப்பே இல்லையே, இருட்டிய பிறகு போய்ப் பார்த்து வீட்டுக்காரர் கையெழுத்து வாங்கி அனுப்பவும் என்று. லோவல் ஏழு பேனா எடுத்துக்கொண்டான். ஏழு கையெழுத்தையும் அவனே போடுவதாக உத்தேசம். அவன் அறிவு அவ்வளவுதான்.

நோவாக் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். சீட்டை முழங்காலில் வைத்தான்.

வாசனை வந்தது... பன்றிக் கொழுப்பில் வெங்காயம் வதங்குகிற வாசனை.

பிறகு சத்தம். க்ரீச்... க்ரீச்... க்ரீச். கை பம்பு அடிக்கிற சத்தம். அந்த வீட்டுப் பம்பைப் பிடுங்கி எடைக்குப் போட்டு ஆறு வருஷம் ஆகிறது. போட்டவன் லோவல்.

கதவு ஒரு சாண் திறந்தது. அவன் ஓடியிருக்கலாம். ஆனால் பென்ஷன்... இறங்கிப் போனான்.

"எண்ண வந்தவனா?" உள்ளேயிருந்து ஒரு குரல்.

"ஆமாங்க... இங்க எத்தனை பேர்?" சீட்டில் அச்சடித்திருந்த கேள்வி அது. வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"நாலு."

சீட்டில் ஒன்று என்றே எழுதினான். ஒரு கை வந்து பேனாவை வாங்கியது. திரும்பி வந்த பேனா ஈரமாக இருந்தது.

அடுத்த வீட்டில் ஆறு. அதற்கடுத்து மூன்று. எல்லா வீட்டிலும் விழித்துக் காத்திருந்தார்கள்.

ஏழாவது, டில்மன் வீடு. கதவிடுக்கில் கரிந்த காகித நாற்றம். உள்ளே யாரோ நாணயம் அடுக்குகிற சத்தம்.

"எல்லா வீடும் சேத்து நாங்க முப்பத்தொரு பேர் இருக்கோம். நீ ஏழு எழுதியிருக்க. என்ன வியாபாரம் இது?"

"ஐயா, முப்பத்தொண்ணு எழுதினா நூத்தி இருபத்து நாலு ஆயிடும். மேல சந்தேகப்படுவாங்க. எனக்கு நூறுதான் வேணும்."

நாணயச் சத்தம் நின்றது.

"நூறே போதுமா?"

"போதும்."

"பேச்சு மாற மாட்டியே?"

"மாட்டேன்."

"சரி... நூறே இருக்கட்டும்."

கையெழுத்தும் கிடைத்தது. கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. லோவல் சீட்டி அடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

மே மாதம் மூன்று பேர் செத்துப் போனார்கள். ஜூனில் ஒரு குடும்பமே காணோம், ஐந்து பேர். அடுப்பில் முட்டை பாதி வெந்திருந்தது, கார் கொட்டகையில் நின்றது. ஜூலையில் இர்மா. பீர்க் குழாயைத் திறந்தபடி நின்றாள்... பீர் வழிந்துகொண்டே இருந்தது, அவள் நின்றுகொண்டே இருந்தாள். தொட்டபோதுதான் தெரிந்தது.

ஊர் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. ஊர் எல்லைப் பலகையில் மக்கள்தொகை நூறு என்று இருந்தது, பணம் வந்தது.

லோவலுக்கு ஆகஸ்டில்தான் உறைத்தது. இருக்கிறவர்களில் யாராவது சாகாமல் ஊரைவிட்டுப் போனாலும் தலை குறையும் என்று தோன்றியது. பக்கத்து வீட்டுக் கிழவன் ஃபெரிஸிடம் போனான்.

"நானூறு டாலர் தரேன். பொண்ணு வீட்டுக்குப் போயிடுங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னு கேக்காதீங்க."

"அப்போ அறுநூறு."

"என்கிட்ட இருக்கிறதே நானூறுதான்."

"அப்படின்னா நீ போயேன்டா."

போயிருக்கலாம். பஸ்ஸை விட்டால் பென்ஷன் போய்விடும். இன்னும் இரண்டரை வருஷம்தானே...

ஜூலைக்குப் பிறகு இன்னும் பதினாலு பேர் போய்விட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு வெர்ன் போயிருந்தபோது லோவல் ஜன்னல்களை எல்லாம் பலகை வைத்து அடித்திருந்தான். வெங்காய வாசனை வருகிறதா என்று இரண்டு தடவை கேட்டான். வரவில்லை என்று வெர்ன் பொய் சொன்னான். மேஜையில் ஒரு கவர் கிடந்தது, பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது:

உயிரோடு எழுபது.
அவர்கள் முப்பத்தொன்று.
ஆக நூற்றொன்று.
பேசியது நூறு.
பாக்கி ஒன்று.