சீப்பின் ஒடிந்த பல்

அந்த விடுதியில் முள்ளங்கி சூப் நன்றாக இருக்கும். முப்பத்தெட்டு நாள் ஒரே இடத்தில் அடைந்து கிடப்பவனுக்கு வேறு எதைப் பற்றிப் பேச்சு வரும், இன்ஸ்பெக்டர் அம்மா? காலையில் எழுந்தால் இன்றைக்கு என்ன சூப் என்பதுதான் எங்களுக்குச் செய்தித்தாள்.

நீங்களும் அந்தப் பரீட்சையை எழுதித்தான் இந்த வேலைக்கு வந்திருப்பீர்கள். ஆண்டுக்கு ஒரு நாள், கல்லூரியில் சேர நாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுதுகிற பரீட்சை. அதற்குக் கேள்வி எழுதுகிற எங்களை மலைப்பக்கம் ஒரு விடுதியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். போனை வாங்கிக்கொள்வார்கள், ஜன்னலில் தாள் ஒட்டுவார்கள். தட்டில் மிச்சம் வைத்த சோற்றைக்கூட ஒருவர் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவார். பரீட்சை முடிகிற வேளையில்தான் கதவு திறக்கும். நான் ஐந்து முறை போயிருக்கிறேன். மற்றவர்கள் மூன்றாவது வாரமே சுவரோடு பேச ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு அங்கேதான் நல்ல தூக்கம் வரும் என்று என் மனைவி கேலி செய்வாள்.

இந்த முறை பழைய இலக்கியப் பிரிவுக்கு நான் தலைவர். நாங்கள் எழுதிய கேள்விகளை மாணவர்களைப் போல உட்கார்ந்து போட்டுப் பார்த்து, குறை சொல்வதற்கென்று பள்ளி ஆசிரியர்கள் சிலரை அழைத்து வருவார்கள். அப்படி வந்தவர்தான் தாக் இன்-ஹே. கிழக்குக் கரையில் ஒரு பெண்கள் பள்ளியில் பாடம் நடத்துபவர். நாற்பத்தொரு வயது. காய்ந்த கணவாய் மீனை மென்றுகொண்டேதான் கேள்வித்தாளைப் படிப்பார். எனக்கு அவர் மேல் எந்த வெறுப்பும் கிடையாது. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

என் கேள்வி, முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பாட்டைப் பற்றியது. எழுதியவர் பெயர் தெரியாது. பனி பெய்கிறது. கதவுக்கு வெளியே தாழ் விழுகிறது. உள்ளே ஒரு பெண். அவள் கையிலுள்ள சீப்பில் பல் ஒடிந்திருக்கிறது. அவர் வருவார், அவர் வருவார் என்கிறார்கள். அவ்வளவுதான் பாட்டு. இது வெறும் பெண்ணின் புலம்பல் என்றுதான் முன்பெல்லாம் நினைத்திருந்தார்கள். அந்தப் பெண் உண்மையில் நாடுகடத்தப்பட்ட அமைச்சர், வரப்போகிறவர் மன்னர், பனி கோள்மூட்டிகள், தாழ் விசுவாசம், ஒடிந்த சீப்பு மன்னருக்குப் பணிசெய்ய முடியாத துயரம் என்று என் இருபத்தெட்டாவது வயதில் நான் நிறுவினேன். முப்பது வருஷமாகப் பாடநூலில் அதுதான் இருக்கிறது. நீங்களும் அதை மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஐந்து விடைகளில் நான்காவது, ஒடிந்த சீப்பு அமைச்சரின் துயரம். அதுதான் சரி.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் தாக் டீச்சர் ஆட்சேபணை சொன்னார். இரண்டாவது விடையும் சரியாக வருகிறது, அந்தப் பெண் வெளியேறப் பார்க்கிறாள் என்று அதில் இருக்கிறது, ஒரு கேள்விக்கு இரண்டு விடை இருந்தால் நாடே தெருவில் இறங்கும் என்றார். இதெல்லாம் குறியீடு என்று நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

“குறியீடு எல்லாம் அப்புறம் சார். முதல்ல அது சீப்பு. தலை வாரினா இப்படிப் பல்லு ஒடியுமா? தாழை நெம்பினா ஒடியும். அவ ஒண்ணும் காத்துக்கிட்டு இல்ல. பூட்டி வச்சிருக்காங்க.”

மேஜையில் எல்லாரும் சிரித்தார்கள். ஒரு இளம் பேராசிரியர், “நம்ம நிலைமைதான் அந்தப் பொம்பளைக்கும்” என்றார். நானும் சிரித்தேன். ஆனால் பாதி குடித்த சூப் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

காரணத்தைக் கேட்பீர்கள். என் அப்பா பூசான் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அவர் திரும்பி வரும்வரை வீட்டு மானம் போகக்கூடாது என்று அத்தை பகலெல்லாம் அம்மா உள்ளே இருக்க வெளிக்கதவைப் பூட்டி வைப்பாள். அத்தை சந்தைக் கடைக்குப் போய்விடுவதால், சாவியைக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் போட்டுப் பள்ளிக்கு அனுப்புவாள். எனக்கு அப்போது ஏழு வயது. பதினோரு வருஷம் அம்மா அப்பாவுக்காகக் காத்திருந்தாள். காத்திருந்தாள் என்றுதான் சொல்கிறேன். காத்திருப்பதில் ஒரு உயர்வு உண்டு என்பதைத்தான் நான் அந்த ஆய்வில் நிரூபித்திருக்கிறேன். அதை ஒரு கணவாய்த் துண்டை மென்றுகொண்டு ஒருவர் கலைத்துவிட முடியாது.

இப்போது விதியைச் சொல்கிறேன், இல்லாவிட்டால் மற்றது உங்களுக்குப் புரியாது. ஆட்சேபணை சொன்னவர் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நடக்கும் கடைசிக் கூட்டத்தில் நேரில் எழுந்து சொல்ல வேண்டும். உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் அவர் ஆட்சேபணை நிலைத்ததாகவே கொள்வார்கள், கேள்வி தாளிலிருந்து தானாக விழுந்துவிடும். விடுதிக்குள் நலமாக இருந்துகொண்டு கூட்டத்துக்கு வராவிட்டால் ஆட்சேபணை காலாவதி. சாயங்காலம் நான்கு மணிக்கு அச்சு ஓட ஆரம்பிக்கும். அதுவரை யார் வேண்டுமானாலும் விவகாரத்தைத் திறக்கலாம். அதற்குப் பிறகு ஆண்டவனாலும் முடியாது.

புதன்கிழமை காலை தாக் டீச்சருக்கு வயிற்று வலி. விடுதி நர்ஸ் மாத்திரை கொடுத்துவிட்டு, காய்ச்சல் வந்தால் உடனே சொல்லுங்கள், ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று என்னிடம் சொன்னார். அறைகளில் போன் இல்லை. யாருக்கு என்ன வேண்டுமென்றாலும் பிரிவுத் தலைவர் வழியாகத்தான் போக வேண்டும். மத்தியானம் நான் போய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கொதித்தது.

வெளியே காவல் பொறுப்பாளர் ஓக் தே-குன் நின்றிருந்தார். நல்ல மனிதர். வண்டியை எடுக்கட்டுமா என்று கேட்டார்.

“வேண்டாம் ஓக் சார். கேள்வி விழணும்னு டீச்சர் வலி நாடகம் போடுறாங்க. நான் பேசிக்கிறேன்.”

அவர் தலையைச் சொறிந்தார். “படிச்சவங்க சண்டை எங்களுக்கு எங்க சார் புரியுது. நீங்க சொன்னா சரி” என்று பதிவேட்டில் நலம் என்று எழுதிக்கொண்டார். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள், அவர் என்னை நம்பினார்.

வியாழன் காலை எல்லாரும் கூட்டத்துக்குக் கீழே போனார்கள். போகும் வழியில் தாக் டீச்சர் அறைக் கதவருகே நின்றேன். பிறகு பத்து மணிக்குக் கூட்டத்தில் உட்கார்ந்தேன். தாக் டீச்சர் எங்கே என்று கூட்டத் தலைவர் கேட்டார். கோபத்தில் இருக்கிறார், வரவில்லை என்றேன். சிரித்தார்கள். ஆட்சேபணை காலாவதியாயிற்று. பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நான்கு மணிவரை விவகாரம் திறக்கலாம் என்று சொன்னேன் அல்லவா? மற்றவர்கள் அச்சுப்படி சரிபார்க்கக் கீழ்த்தளத்திலேயே தங்கிவிட்டார்கள். நான் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்து அவர் கதவுக்கு வெளியே போட்டு உட்கார்ந்தேன். அந்த விடுதியில் அறைக் கதவுகள் வராந்தாப் பக்கம் திறப்பவை. சாப்பாட்டை அங்கேயே வரவழைத்துச் சாப்பிட்டேன். அன்றைக்கும் முள்ளங்கி சூப்தான்.

சத்தம் கேட்டதா என்று கேட்டீர்கள். கேட்டது. நம்குங் சார், நம்குங் சார் என்று ஐந்தாறு முறை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு மணி வாக்கில் கைப்பிடி திரும்பி, கதவு நாற்காலியின் முதுகில் வந்து இடித்தது. பலமாக இல்லை. நான் எழுந்திருக்கவில்லை. எனக்கு அந்த மூன்று மணி நேரம் பெரிய வேதனையாக இருந்தது. வராந்தாவில் காற்றே இல்லை, ஜன்னல் தாளில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. நானும் எங்கும் போக முடியாதவனாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

நான்கு அடித்ததும் ஓக்கைக் கூப்பிட்டேன். இருவரும் ஓடினோம். அவரைப் போர்வையில் தூக்கிக்கொண்டு போனார்கள். குடல்வால் வெடித்து நாளாகிவிட்டது, காலையில் கொண்டுவந்திருந்தால்கூடப் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதை நீங்களே எனக்குப் படித்துக் காட்டினீர்கள். நான் மறுக்கவில்லை. வலி உண்மை என்று எனக்குத் தெரியும். புதன்கிழமை மத்தியானமே தெரியும். அவர் சாகக்கூடும் என்பதும் தெரியும்.

உங்கள் கோப்பில் இல்லாத ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை நான் அந்தக் கதவருகே நின்றபோது, கீழ் இடுக்கு வழியாக ஒரு தாள் வெளியே வந்தது. பென்சில் எழுத்து, கோணல்மாணலாக. மூன்றே வரி. கேள்வியில் தப்பே இல்லை. நான்தான் பாட்டைத் தப்பாகப் புரிந்துகொண்டேன். டாக்டரைக் கூப்பிடுங்கள் சார். அவ்வளவுதான்.

அப்படியானால் ஏன் கூப்பிடவில்லை என்றுதானே பார்க்கிறீர்கள்? கூப்பிட்டிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போனவரின் ஆட்சேபணை நிலைத்ததாக எழுதியிருப்பார்கள். குணமான பிறகு வலியில் எழுதினேன் என்றும் சொல்லியிருப்பார். விடுதியில் கையால் எழுதிய தாள் எதுவும் மிஞ்சக்கூடாது என்பது விதி, அதனால் கூட்டம் முடிந்ததும் அதை நறுக்கும் இயந்திரத்தில் போட்டுவிட்டேன். அதற்கு முன்னால் பலமுறை படித்தேன். மூன்றாவது வரி உடம்பு எழுதியது, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. முதல் இரண்டு வரிகள் மட்டும்தான் அவர் எழுதியவை. முப்பது வருஷத்தில் என் ஆய்வை இவ்வளவு தெளிவாக ஒருவரும் ஏற்றுக்கொண்டதில்லை.

அவர் வீட்டாரைப் பார்த்தால் இதைச் சொல்லுங்கள், அவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். கடைசியில் தாக் டீச்சர் என் பக்கம்தான் இருந்தார்.