காற்றுப் பத்தாத கரி

அதிகம் படிக்காத நான் எழுதத் துணிந்ததற்கு மன்னிக்க வேண்டும். காதில் விழுந்ததை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நோர்வூட்டிலிருந்து ஹட்டன் போகும் காலை பஸ். முன் சீட்டில் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒருத்தியின் மடியில் விஞ்ஞானக் கொப்பி.

"கரி எரியிறதுக்கு 2C + O₂ → 2CO. ரெண்டு பக்கமும் சரியா வருதுல்ல?"

"வருது மக்கு. ஆனா CO₂தான் கேட்டாங்க. நீ எழுதினது CO, காபனோரொட்சைட்டு, விஷ வாயு."

"அப்ப பிழையா?"

"காத்துப் பத்தாம எரிஞ்சா இதுதான் வரும். மூடின ரூம்ல ஆளையே கொன்னுரும்னு டீச்சர் சொன்னாங்களே, தூங்கிட்டியா?"

கொப்பி வைத்திருந்தவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"அக்கா பச்சப்புள்ளையோட படுத்திருக்காடி. குளிருதுன்னு அம்மா ஜன்னல சாக்கு வச்சு அடைச்சு, உள்ள கரிச்சட்டி வச்சிட்டுத்தான் கொழுந்து பறிக்கப் போனாங்க!"

கண்டக்டரிடம் போனைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"அக்கா, கதவத் தொற! தல வலிச்சா பரவால்ல, புள்ளையத் தூக்கிட்டு வெளிய வா! தூங்காத அக்கா! அக்கா?"



"அக்காகிட்டருந்து பேச்சே வரல," என்றாள். டிரைவர் பஸ்ஸை நிறுத்தினார். எதிரே வந்த ஆட்டோவில் ஏறிக்கொண்டு இருவரும் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பினார்கள்.

மறுநாள் மற்றவள் மட்டும் பஸ்ஸில் வந்தாள். கேட்ட கண்டக்டரிடம், "அவ அக்கா புள்ளையோட வாசப்படிகிட்ட விழுந்து கெடந்தாங்க அண்ணே. ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில. இப்ப கண் முழிச்சிட்டாங்க," என்று சொல்லிவிட்டு டிக்கெட் எடுத்தாள்.