சைரன் நோட்டு

காளீஸ்வரி: அண்ணாச்சி! கெடைச்சிட்டு! அண்ணாச்சீ!

அய்யாக்குட்டி: மொதல்ல ஸ்டூல விட்டு எறங்கு தாயி. விழுந்து வச்சேன்னா அதுக்கும் நான்தான் ரிப்போர்ட் எழுதணும்.

காளீஸ்வரி: எழுதுங்களேன். ரிட்டயர்டு ஆக ரெண்டு மாசம் கெடக்கு, சும்மாத்தான இருக்கீய.

அய்யாக்குட்டி: வாயப் பாரு! ஒம் புருசன் இசக்கிமணி போனபொறவு அவன் எடத்துல வேலைக்கு வந்த புதுசுல பேசவே மாட்ட... சரி, என்ன கெடைச்சிது?

காளீஸ்வரி: சைரன் நோட்டு. அவுக தவறிப்போன சீசன்ல, அருவிக் கரையில வெள்ளத்துக்குச் சைரன் போட்ட நேரத்தயெல்லாம் எழுதுன நோட்டு!

அய்யாக்குட்டி: ...அது வெள்ளத்தோட போச்சுன்னுல்லா சொன்னாக?

காளீஸ்வரி: போகல! மேல்தட்டுல, சர்வீஸ் புக்குக்கெல்லாம் பின்னால இருந்துச்சு. இங்கன பாருங்க. ஜூலை பதினாறு, சாயங்காலம் நாலு பத்து. 'தண்ணி செகப்பா வருது. சைரன் போட்டாச்சு.' கீழ யாரு கையெழுத்து?

அய்யாக்குட்டி: கண்ணாடி இல்லாம எனக்கு...

காளீஸ்வரி: நெத்தியில இருக்கு!

அய்யாக்குட்டி: ...இசக்கிமணியதுதான்.

காளீஸ்வரி: பாத்தீயளா! பேருல வார அந்தப் புள்ளிய வட்டமாத்தான் போடுவாக. அப்போ அவுகள குளிக்கப் போன எடத்துல வெள்ளம் அடிச்சிட்டுப் போகல. டூட்டில நின்னுருக்காக! குத்தாலத்துக்குக் குளிக்க வந்த சனத்தையெல்லாம் வெரட்டிக் கரையேத்திட்டு...

அய்யாக்குட்டி: மெல்லப் பேசும்மா.

காளீஸ்வரி: எதுக்கு மெல்ல? அவுக சர்வீஸ் புக்குல கடைசி வரி என்ன? 'அனுமதியின்றிப் பணிக்கு வராத நாளில் அருவியில் மூழ்கி இறந்தார்.' உங்க எழுத்துதான்.

அய்யாக்குட்டி: மேல சொன்னாக, எழுதுனேன்.

காளீஸ்வரி: நாளைக்குத் தென்காசியில இருந்து சர்வீஸ் புக்கையெல்லாம் ஸ்கேன் பண்ண வாராக. கம்ப்யூட்டர்ல ஏறிட்டுன்னா பொறவு யாரு திருத்துவா? குடிச்சிட்டுப் போயி விழுந்தான்னு எம்மவ காதுபடப் பேசுதாக அண்ணாச்சி. இன்னைக்கே திருத்திப்புடணும்!

அய்யாக்குட்டி: நோட்டு மட்டும் பத்தாதே. டூட்டி லிஸ்ட்டுல அன்னைக்கு அவன் பேரு இல்லியே.

காளீஸ்வரி: யாரு பேரு இருக்கு?

அய்யாக்குட்டி: அது எதுக்கு தாயி இப்போ?

காளீஸ்வரி: சரி, விடுங்க. அந்த ஆளு 'எனக்குப் பதிலா நின்னான்'னு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்லா?

அய்யாக்குட்டி: எழுதுனா அவனுக்கு மெமோ வரும். ரிட்டயர்டு ஆக விட மாட்டாக.

காளீஸ்வரி: ஆமா, விட மாட்டாகதான்... அண்ணாச்சி, இந்த பீரோவுல எதத் தொட்டாலும் தூசி. தும்மித் தும்மி மூக்கே போச்சு. இந்த நோட்டுல மட்டும் தூசி இல்ல. துண்ணூறு இருக்கு. சூட வாசன அடிக்கி.

அய்யாக்குட்டி: காளீசு...

காளீஸ்வரி: அந்தத் தட்ட நான் மூணு தடவ துழாவியாச்சு. நேத்து சாயங்காலம் வரைக்கும் இது அங்கன இல்ல.

அய்யாக்குட்டி: நாலு வருசமா எங்க வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால இருந்துச்சும்மா. அன்னைக்கு எம்மவளப் பொண்ணு பாக்க வந்தாக. 'நீங்க போங்க அண்ணாச்சி, நான் நிக்கேன்'னான்... காலையில நீ வாரதுக்கு முன்னாலதான் கொண்டாந்து வச்சேன். அந்தப் பேனாவத் தா. எனக்குப் பதிலாத்தான் நின்னான்னு நானே எழுதித் தாரேன், நீ தாளப் பிடிச்சுக்கோ.