முதலில் பூட்டு, பிறகு சோதனை

மேடை ஏறியதும் என் கண்ணில் முதலில் பட்டது அந்தச் சிவப்புப் பூட்டுதான். மாமாவின் படத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கியின் விசையில் மாட்டியிருக்கிறதே, அது. அதனால்தான் வணக்கம் சொல்வதற்கு முன்பே துப்பாக்கியைச் செங்கல் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். மேடையில் இருக்கும் பெரியவர்களும், வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் நீங்களும் மன்னிக்க வேண்டும். எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு இப்படி இரங்கல் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். மாமாவின் துப்பாக்கி பழுது பார்க்கும் கடையில் ரசீது எழுதுகிறவள். அவருடைய மனுக்களை எழுதியதும் நான்தான். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது.

அவரை ஏன் சுண்டுவிரல் என்று கூப்பிட்டோம்? எந்தத் துப்பாக்கி வந்தாலும், யார் கொண்டுவந்தாலும், முதலில் திறப்பார். தோட்டா இருக்கிறதா என்று குழலுக்குள் சுண்டுவிரலை விடுவார். "இல்லை" என்று சத்தமாகச் சொல்வார். எதிரில் நிற்பவரும் பார்த்துவிட்டு "இல்லை" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வேலை நடக்காது. "சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தாக்கூட 'இல்லை'ன்னு சத்தம் போடற மனுஷன்" என்று அத்தை கேலி செய்வார். முப்பத்தொரு வருஷம்! அவர் கடையில் ஒரு தோட்டாவாவது தவறி வெடித்ததா?

பிறகு புது விதி வந்தது. உரிமம் புதுப்பிக்கத் துப்பாக்கியை ஒப்படைத்தால், வாங்கும் எழுத்தர் முதலில் விசையில் பூட்டு மாட்ட வேண்டும். திறந்து சோதிப்பது பிறகு; அதுவும் அதிகாரி மட்டும்தான். பூட்டின் ஊசி விசையை ஒட்டிப் போகிறது. உள்ளே தோட்டா இருந்து, ஊசி விசையை அழுத்தினால் என்ன ஆகும்? இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டுமா?

திறந்து பார்த்த பிறகே பூட்ட வேண்டும் என்று மாமா ஒன்பது மனு கொடுத்தார். ஒன்பதாவதைக் கொடுத்த அன்று நானும் கூட இருந்தேன். மேடையில் இருக்கும் உரிம அதிகாரி ஐயாவுக்கு நினைவிருக்கும்.

"நீங்க மெக்கானிக். விதி எழுதறது எங்க வேலை" என்றீர்கள்.

"எழுதினவர் ஒரு தடவையாவது துப்பாக்கியைத் திறந்திருக்காரா சார்?" என்று மாமா கேட்டார்.

"எல்லாரும் பரீட்சை எழுதித் தேறினவங்க."

"துப்பாக்கி மார்க் ஷீட் கேக்காது சார்."

நீங்களும் சிரித்தீர்கள். மனு கோப்புக்குள் போய்விட்டது.

போன புதன்கிழமை, காலை பதினோரு மணி. உங்கள் அலுவலகத்தில், பழுது குறித்துத் தருவதற்காக மாமா மேசைக்கு எதிரில் நின்றார். எழுத்தர் ஒரு துப்பாக்கியை வாங்கினார், பூட்டை எடுத்தார். "நில்லுங்க, முதல்ல திறந்து..." மாமா சொல்லி முடிப்பதற்குள் வெடித்துவிட்டது. அந்த எழுத்தர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் விதிப்படிதான் செய்தார். அதுதான் எனக்குப் பயம்.

அந்த விதி இன்றைக்கும் இருக்கிறது. உங்கள் காப்பறையில் பூட்டிய துப்பாக்கிகள் நானூறு இருக்கின்றன. சுவருக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். அவற்றில் எத்தனையைத் திறந்து பார்த்தீர்கள்?

இதோ, இந்தத் துப்பாக்கியையும் அங்கிருந்துதான் மரியாதைக்காக எடுத்துவந்தீர்கள். மாமா பழுது பார்த்ததாம். "திறந்து பாத்தாச்சா ஐயா?" என்று கூட்டம் தொடங்குவதற்கு முன்பே கேட்டேன்.

"பூட்டியிருக்கேம்மா, அப்புறம் என்ன பயம்? சாவி இல்லாம எப்படித் திறக்கறது?"

ஐயா, பூட்டு விசைக்குத்தான். குழலுக்கு இல்லை. மேலே இருக்கும் நெம்புகோலைத் தள்ளினால் பூட்டோடு திறக்கும். உங்களுக்கு இதுகூட யாரும் சொல்லித் தரவில்லையா?

பத்தாவது மனுவை நான் எழுதுவேன். பதினொன்றாவதையும் எழுதுவேன். விதி மாறும்வரை எழுதுவேன். இது மாமாவின் படத்துக்கு முன்னால் நான் கொடுக்கும் வாக்கு.

இன்னும் ஒன்று. நான் இதைத் திறப்பது குற்றம் என்று தெரியும். நம் கடை உரிமம் போகலாம். அத்தை, மன்னித்துக்கொள்ளுங்கள். சுவரோரம் நிற்பவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கம் வந்துவிடுங்கள்.

திறந்துவிட்டேன். இடது குழலில் விரல் போகிறது. இல்லை.

வலது குழலில் விரல் போகவில்லை.

தோட்டாவை எடுத்து, ஐயா, உங்கள் முன்னால் வைக்கிறேன்.