நாலு போட்டா முழுசா போகும்

— ரெண்டு மாத்திரை போட்டதுல பாதி வலி போச்சுக்கா. அதான் நாலா போட்டேன். முழுசா போகணும்ல?

— அடப்பாவி. இது என்ன கூலிக் கணக்காடா, ஆளைக் கூட்டினா வேலை சீக்கிரம் முடியறதுக்கு?

— இடுப்பு நிமிர மாட்டேங்குதுக்கா. நாள் முழுக்க டைல்ஸ் பெட்டி தூக்கறது. படுத்துட்டா சூப்பர்வைசர் வேற ஆளைப் போட்டுடுவான்.

— இங்க மருந்துக்கடையில ஆளு நிக்கிறாங்க, போன்ல கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. நாலு நாலா எத்தனை வேளை?

— மூணு வேளை. நேத்தும், இன்னிக்கும். நடுநடுவுல சளிக்கு ஒரு பொடி, சுடுதண்ணியில கலக்கிக் குடிக்கிறது.

— அந்தப் பொடி கவரை எடு. உள்ள என்ன மருந்துன்னு பொடி எழுத்துல இருக்கும், படி.

— இரு... பாராசிட்டமால்.

— மாத்திரை அட்டையில?

— இதுலயும் அதேதான்க்கா. ஆனா மேல பேரு வேறயா இருந்துச்சே.

— அது கம்பெனிக்காரன் வைக்கிற பேருடா. உள்ள சரக்கு ஒண்ணுதான்.

— திட்டாதேக்கா. வலி கொஞ்சம் அடங்கியிருக்குல்ல.

— ரெண்டுல எவ்வளவு அடங்குதோ அவ்வளவுதான்டா அடங்கும். அதுக்கு மேல போட்டதெல்லாம் உன் இடுப்பைத் திரும்பிக்கூட பாக்கல, ஈரலைப் போட்டு அடிச்சிருக்கும். வாந்தி இருக்கா?

— காலையிலேர்ந்து. வலது பக்கம் விலாவுக்குக் கீழ பிடிச்சுக்கிட்டு நிக்குது. சாப்பாடு ஒத்துக்கலன்னு நெனச்சோம்.

— கடவுளே. டேய் தங்கம், ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு. இப்பவே.

— ஷிப்ட் முடிச்சுட்டுப் போறேனே. எழுந்து நடமாடிக்கிட்டுதான இருக்கேன்.

— நடமாடுவடா. ரெண்டு நாள் பெருசா ஒண்ணும் இல்லாத மாதிரிதான் இருக்கும். அப்புறம் கண்ணு மஞ்சளா ஆகி நீ போய் நின்னா டாக்டரே கையை விரிச்சுடுவாரு. இதை முறிக்க மருந்து இருக்கு, சீக்கிரம் ஏத்தினாதான் பிடிக்கும்.

— வேலை போயிடும்க்கா.

— போகட்டும். உன் கால்ல விழறேன், போய்த் தொலையட்டும் அந்த வேலை. ஆம்புலன்ஸுக்கு போன் போடு.

— அக்கா.

— என்னடா, இன்னும் என்ன யோசனை?

— ஒரு வண்டி பத்தாதுக்கா. "உன் அக்காதான் மருந்துக்கடையில இருக்காங்களே, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு ரூம்ல எட்டு பேரும் என் கணக்குப்படி நாலு நாலாத்தான் போட்டிருக்காங்க.